காட்டுத்தீப் புகையும் ஏரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரித் தண்ணீரை அளந்து பார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒவ்வொரு தீப்பருவத்திலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்து எழுதிவிட்டேன். வானம் மஞ்சளானதும் எல்லோரும் தண்ணீரைக் காட்டித்தான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் மூச்சில் போய்க்கொண்டிருக்கும் காற்றைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. மனிதனுக்குக் காற்றுதான் முதல் ஆபத்து. ஏரியின் கணக்கு பெரும்பாலும் பிற்பாடுதான் தொடங்குகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வித்தியாசத்தைப் பற்றியவை.

விறகு எரிந்தால் வருகிற புகைதானே? அதில் அப்படி என்ன இருக்கிறது?

விறகுப் புகையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் எரிவது காய்ந்த கட்டை. காட்டில் பச்சை இலை, பட்டை, சருகு, மண்ணில் பல ஆண்டுகளாக மட்கிக் கிடப்பது எல்லாம் சேர்ந்து எரிகிறது. கொழுந்துவிட்டு எரிவதை விட, அணைந்தும் அணையாமலும் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் தீதான் அதிகப் புகையைக் கக்கும். அதில் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பென்சீன், ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை இருக்கின்றன. கண் எரிவதற்குக் கடைசி இரண்டுக்கும் நல்ல பங்கு உண்டு.

தீயிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கு முக்கியமான தொல்லை பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் கொண்டவை இவை. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். ஒப்பிட்டுப் பாருங்கள். மூக்கும் தொண்டையும் இவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது, நேராக நுரையீரலின் அடி வரை போய்விடும். ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல். கடும் புகை நாட்களில் பல நூறுகள் சாதாரணமாக வரும்.

தீ எங்கேயோ எரிகிறது. அந்தப் புகை இவ்வளவு தூரம் எப்படி வரும்?

தீயின் சூடு புகையைப் பல கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும். அந்த உயரத்தில் காற்று வேகமானது. துகள்களோ மிக லேசானவை, அதனால் நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் மிதக்கும். 1950ஆம் ஆண்டு கனடாவில் எரிந்த சின்சாகா தீயின் புகை அட்லான்டிக் பெருங்கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே சூரியனும் நிலாவும் நீல நிறமாகத் தெரிந்தன. 2023 ஜூனில் நியூயார்க் நகரம் ஆரஞ்சு நிறமானது நினைவிருக்கும், அந்தப் புகை கியூபெக் காடுகளிலிருந்து வந்தது.

ஏரிகளின் கணக்கும் இப்படித்தான். வட அமெரிக்க ஏரிகளை 2019 முதல் 2021 வரை செயற்கைக்கோள் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு 98க்கும் மேற்பட்டவை ஏதாவது ஒரு நேரத்தில் புகைக்கு அடியில் இருந்திருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் கரையில் தீயே இல்லை.

புகை, சாம்பல் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பல குழப்பங்களுக்குக் காரணமே இதுதான். சாம்பல் கனமானது, பெரும்பகுதி தீயின் அருகிலேயே விழுந்துவிடும். காற்று பலமாக இருந்தால் சில பத்துக் கிலோமீட்டர் போகலாம். கையால் தொடலாம், கார்க் கண்ணாடியில் எழுதிப் பார்க்கலாம். புகைத் துகளைத் தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது, மங்கலாக மட்டுமே தெரியும்.

மனிதனின் நுரையீரலுக்குப் புகை மோசம். ஏரியின் வேதியியலுக்குச் சாம்பல் மோசம். பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் சாம்பலில்தான் செறிந்திருக்கின்றன. அது காரத்தன்மை கொண்டதும்கூட. சிறிய ஏரியில் நிறைய விழுந்தால் பிஹெச் அளவு கொஞ்ச நாளுக்கு ஏறும்.

ஏரிக்கரையில் காற்று நன்றாகத்தானே இருக்கும்? அங்கே போய்விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஏரி ஒரு கிண்ணம் மாதிரி. இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கும், வரும்போது புகையையும் வழித்துக்கொண்டு வந்து கிண்ணத்தில் கொட்டும். மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். அந்த மூடி வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் உடையும். புகை தடித்துவிட்டாலோ வெயிலே தரைக்கு வராது, மூடி நாள் முழுக்க அப்படியே கிடக்கும். புகையே புகைக்குப் பூட்டுப் போடுகிறது.

சமவெளியில் இருக்கும் பெரிய ஏரிகளில் கதை கொஞ்சம் வேறு. கோடையில் பகல் நேரத்தில் தண்ணீர் நிலத்தை விடக் குளிர்ச்சியாக இருப்பதால், அதன் மேல் உள்ள காற்று மேலே எழாமல் படுத்துக் கிடக்கும். அங்கே வந்து சேர்ந்த புகை கலைய நேரமாகும். மாலைவரை ஏரியிலிருந்து கரைக்கு வீசும் காற்று அதையே திருப்பிக் கொண்டுவந்து தரும்.

வாசனையே இல்லை. அப்போது புகை போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

வாசனை தருவது பெரும்பாலும் வாயுக்கள். அவை வெயிலில் சீக்கிரம் சிதையும். நுண்துகள்கள் அப்படியே இருக்கும். பயணத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அவற்றின் நச்சுத்தன்மை கூடவும் செய்யலாம். ஆகவே பழைய புகை வாசனை இல்லாத புகை. கருவியின் அளவைப் பாருங்கள், மூக்கை நம்ப வேண்டாம்.

காற்றில் இருக்கிற புகை தண்ணீருக்குள் எப்படிப் போகும்?

மூன்று வழிகள். முதலாவது, துகள்கள் மெல்ல மெல்லத் தண்ணீர்ப் பரப்பில் படிவது. இரண்டாவது, மழை. ஒவ்வொரு துளியும் வரும் வழியில் துகள்களைப் பொறுக்கிக்கொண்டே வந்து ஏரியில் இறக்குகிறது. அமோனியா, நைட்ரேட் போன்ற கரையக்கூடிய சமாச்சாரங்கள் இந்த வழியில் நிறைய வரும்.

மூன்றாவதுதான் பெரிய வழி, ஆனால் அது வானத்திலிருந்து வருவதில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி எரிந்திருந்தால், அங்கே கிடக்கும் சாம்பலும் கருகிய மண்ணும் அடுத்த கனமழையில் ஓடை வழியாக வந்து சேரும். எரிந்த மண் சில இடங்களில் மெழுகு பூசியதுபோல் ஆகி நீரை உள்ளே வாங்காது. பெய்வது முழுக்கச் சரிவில் ஓடி, கூடவே மண்ணையும் இழுத்துவரும்.

புகை வெயிலை மறைத்தால் ஏரி குளிர்ச்சியாகும். அது நல்லதுதானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் பதில் ஆம், இல்லை இரண்டுமே. 2018 கோடையில் கலிஃபோர்னியாவின் காசில் ஏரியைப் புகை 55 நாட்கள் மூடியிருந்தது. அங்கே முந்தைய நான்கு வருட அளவுகளும் கைவசம் இருந்தன. புகையால் ஏரிப் பரப்புக்கு வரும் புற ஊதா-பி கதிர் 31 சதவீதமும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சம் 11 சதவீதமும் குறைந்தன. தண்ணீருக்குள் குறைவு இன்னும் அதிகம்: முறையே 65, 44 சதவீதம். ஏரியின் மொத்த வெப்பம் 7 சதவீதம் குறைந்தது.

இனிதான் வேடிக்கை. நடு ஏரியில், மேல்மட்டத்துப் பாசி வளர்ச்சி குறையவில்லை, இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. கடும் வெயில் மேல்மட்டத்துப் பாசிகளுக்குச் சுமை, புகை அவற்றுக்குக் குடை பிடித்துவிட்டது. அதே நேரம் ஆழத்தில் இருப்பவற்றுக்கு ஏற்கெனவே அரைகுறை வெளிச்சம்தான், அதுவும் போனதும் அங்கே வளர்ச்சி படுத்துவிட்டது. மேலே கூடியது, கீழே குறைந்தது. வழக்கமாகக் கரையோர ஆழமற்ற தண்ணீரில் இருக்கும் ட்ரௌட் மீன்களும் புகைக் காலத்தில் அங்கே காணப்படவில்லை.

மேலே இருந்து ஒரு குடுவைத் தண்ணீர் எடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்று நான் அடித்துக்கொள்வது இதனால்தான்.

ஏரி பச்சையாக மாறிவிட்டது. புகைதான் காரணமா?

இருக்கலாம். நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம், புகையும் சாம்பலும் இரண்டையும் கொண்டுவருகின்றன. கடலிலேயே இது நடந்திருக்கிறது: 2019-20 ஆஸ்திரேலியத் தீயின் புகை இரும்புச்சத்தோடு தென்பெருங்கடலில் இறங்கி, அங்கே மிகப் பெரிய அளவில் மிதவைப் பாசி பெருகியது.

ஆனால் புகையைக் கைகாட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். தீப்பருவம் என்பதே வெப்பமும் வறட்சியும் கூடிய பருவம். தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும், சூடாக இருக்கும், ஓட்டம் இருக்காது. தீ இல்லாவிட்டாலும் பாசி பிடிக்க அதுவே போதும். ஏற்கெனவே வயல் உரமும் கழிவுநீரும் வந்து கலக்கிற ஏரியில் புகையின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம். சத்துக் குறைந்த, கண்ணாடி மாதிரி இருக்கும் மலை ஏரிகளில் மட்டும் சிறு வரவும் பளிச்சென்று தெரியும். நீலப்பச்சைப் பாசி படலமாக மிதந்தால் காரணம் எதுவானாலும் ஒதுங்கியிருங்கள், சில வகைகள் நஞ்சு சுரக்கும்.

தாஹோ ஏரியே கலங்கிவிட்டதாமே, உண்மையா?

பாதி உண்மை. கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில், தெளிவுக்குப் பேர்போன தாஹோவில் 1968 முதல் செக்கித் தட்டு என்ற வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து வருகிறார்கள். ஆரம்பத்தில் அது 31 மீட்டர் வரை தெரிந்தது. 2021இல் கால்டர் தீ ஏரியின் வடிநிலத்துக்குள்ளேயே புகுந்தது, சாம்பல் ஏரியில் விழுந்தது. அந்த ஆண்டின் சராசரி சுமார் 18.6 மீட்டர்.

ஆனால் தெளிவு அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த ஆண்டு 2022இல் சராசரி சுமார் 22 மீட்டராக ஏறியது, கடைசி மாதங்களில் 1980களுக்குப் பிறகு காணாத தெளிவு. காரணம், துகள்களைத் தின்று தீர்க்கும் குட்டி மிதவை உயிரிகள் திரும்பப் பெருகியது. ஒரே எண்ணை வைத்துப் புகையைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது.

புகையால் மீன் சாகுமா?

புகையால் மட்டும் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பது அரிது. கொல்வது பெரும்பாலும் மேலே சொன்ன மூன்றாவது வழிதான், அதாவது மழையோடு வரும் சாம்பல் சேறு. 2022இல் கலிஃபோர்னியாவில் மெக்கின்னி தீ எரிந்துகொண்டிருந்தபோதே கனமழை கொட்டி, சேறும் சாம்பலும் கிளாமத் ஆற்றில் இறங்கின. ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாமல் போய், ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. அது ஆறு. ஏரியில் தண்ணீர் அதிகம் என்பதால் அடி பரவி விழும். ஆனால் ஓடை வந்து கலக்கும் முகத்துவாரம், மூடிய குடாப் பகுதி போன்ற இடங்களில் இதே நிலை வரலாம்.

அந்த மீனைச் சாப்பிடலாமா?

செத்து மிதப்பதை வேண்டாம். உயிரோடு பிடித்த மீனுக்குப் பதில் கொஞ்சம் நீளம். புகையில் உள்ள பாலி அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள், அதாவது எதுவும் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கரிச்சேர்மங்கள், இவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. ஆனால் மீனின் ஈரல் அவற்றை ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். சிப்பி வகைகளுக்கு அந்தத் திறன் குறைவு.

நீண்டகாலக் கவலை பாதரசம். மரமும் மண்ணும் காற்றிலிருந்து பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த பாதரசத்தைத் தீ ஒரே நாளில் அவிழ்த்துவிடுகிறது. அது ஏரியில் இறங்கி, ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் பாக்டீரியாக்களால் மெத்தில் பாதரசமாக மாறுகிறது. அங்கிருந்து சிறு உயிரி, சிறு மீன், பெரிய மீன் என்று படிக்குப் படி செறிவு ஏறும். இது மெதுவாக நடப்பது, புகை வந்த வாரத்தில் தெரியாது. பெரிய, வயதான, பிற மீன்களைத் தின்னும் மீன்களில்தான் அதிகம் இருக்கும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. அந்த ஏரிக்கு அரசு மீன் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகை நாளில் ஏரியில் நீந்தலாமா? தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?

தண்ணீரை விடுங்கள், நீந்தும்போது எவ்வளவு மூச்சு இழுக்கிறீர்கள்? சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலப் பல மடங்கு. அத்தனையும் தண்ணீர்ப் பரப்பை ஒட்டித் தேங்கிய காற்று. படகு துடுப்பு போடுவதற்கும் இதே பதில். காற்று சரியாகி, தண்ணீரில் மட்டும் சாம்பல் மிதந்தால், தோலும் கண்ணும் கொஞ்சம் எரியலாம். வந்து நல்ல தண்ணீரில் குளித்துவிடுங்கள்.

ஏரித் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். ஈயம், ஆர்சனிக், நைட்ரேட் இவற்றுக்குக் காய்ச்சுவது உதவாது. தண்ணீர் ஆவியாவதால் மீதியில் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். காட்டோடு வீடுகளும் வாகனங்களும் எரிந்திருந்தால் இந்தக் கவலை இரட்டிப்பு. அப்போது சாம்பலில் வெறும் மரம் இல்லை.

சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் பொதுவாகப் பரவாயில்லை. ஆனாலும் எரிந்த நிலத்திலிருந்து கரிமப்பொருள் அதிகமாக வந்தால், அது குளோரினோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத பொருட்களை உண்டாக்கும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வேலை கூடும். தீ ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டால் குழாய்களையும் சந்தேகியுங்கள். 2017 டப்ஸ் தீ, 2018 கேம்ப் தீ இரண்டுக்கும் பிறகு கலிஃபோர்னியாவில் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் அனுமதி அளவைப் பலமடங்கு மிஞ்சியிருந்தது. அழுத்தம் இல்லாத குழாய்க்குள் புகையும், உருகிய பிளாஸ்டிக்கின் ரசாயனமும் உறிஞ்சப்பட்டதே காரணம். அங்கே ஏரி எந்தத் தவறும் செய்யவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் தண்ணீரைக் காய்ச்சவே கூடாது என்பார்கள், பென்சீன் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலந்துவிடும்.

மழை வந்தால் எல்லாம் கழுவிப் போய்விடும்தானே?

காற்றிலிருந்து போய்விடும். எங்கே போகும் என்றுதான் யாரும் கேட்பதில்லை. நல்ல மழை காற்றைக் கழுவி, கழுவிய தண்ணீரை நிலத்திலும் ஏரியிலும் கொட்டுகிறது. காற்றுக்கு நல்ல நாள் ஏரிக்கு மோசமான நாளாக இருப்பது இதனால். சிறு தூறல் காற்றையும் பெரிதாகச் சுத்தம் செய்யாது.

வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தால் போதுமா? முகக்கவசம் போட வேண்டுமா?

சாத்துவது உதவும், ஆனால் துகள்கள் இடுக்கு வழியே மெல்ல உள்ளே வரும். ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஓர் அறையிலாவது ஓடட்டும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது ஹெப்பாவின் தரம். ஓசோன் வெளியிடும் வகைக் கருவி வேண்டாம், அதுவே நுரையீரலுக்குக் கேடு. புகை குறைந்த நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். உள்ளே மெழுகுவத்தி, ஊதுவத்தி, வறுவல் எல்லாம் அன்றைக்கு ஓய்வு.

வெளியே போயே ஆக வேண்டுமானால் என்-95, முகத்தில் இடைவெளி இல்லாமல். துணிக் கவசமும் ஈரக் கைக்குட்டையும் சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. எந்தக் கவசமும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது, ஆனால் அது தீயின் அருகில் இருப்பவர்களின் பிரச்சினை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் அளவு மிதமாக இருக்கும்போதே ஒதுங்குவது நல்லது.

விமானத்திலிருந்து சிவப்பாக எதையோ கொட்டுகிறார்களே, அது ஏரிக்கு ஆபத்தில்லையா?

ஆபத்துதான், அதனால்தான் விதி இருக்கிறது. தீ பரவாமல் தடுக்கக் கொட்டும் அது பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட் என்ற உரப்பொருள், எங்கே விழுந்தது என்று தெரிவதற்காகச் சிவப்பு. தண்ணீரில் நேராக விழுந்தால் அம்மோனியா மீனைக் கொல்லும், பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். அமெரிக்க வனத்துறை நீர்நிலைகளிலிருந்து 300 அடிக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், கொட்டுவதைத் தவிர்க்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. தவறி விழுவதும் உண்டு.

காடு எரிவது இயற்கைதானே? ஏரிகளுக்குப் பழக்கம்தானே?

பழக்கம்தான். ஏரி அடிச்சேற்றைக் குழாய்போல் துளைத்து எடுத்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கரித்துகள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். எந்தக் காலத்தில் எவ்வளவு எரிந்தது என்று கணக்கிடுவதே அதை வைத்துத்தான். நடுத்தரத் தீ கொண்டுவரும் சத்துகளைப் பல ஏரிகள் அலட்டிக்கொள்ளாமல் விழுங்கிவிடும்.

மாறியிருப்பது அளவும் இடைவெளியும். 2023இல் கனடாவில் மட்டும் எரிந்தது சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர். ஓர் ஏரி தேறுவதற்குள் அடுத்த புகை வந்துவிட்டால், பழக்கம் என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. கூடவே எரியும் பிளாஸ்டிக்கும் மின்கலமும் அந்தப் பழைய அடுக்குகளில் கிடையாது.

காற்று சரியாகிவிட்டது. ஏரி எப்போது சரியாகும்?

வெளிச்சமும் வெப்பமும் புகை விலகிய சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். மேலே விழுந்த துகள்களில் கனமானவை வாரங்களில் அடியில் படியும், மிக நுண்ணியவை மாதக்கணக்கில் மிதக்கும். அதற்கு மேல் ஏரியைப் பொறுத்தது. ஓடும் ஆறு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சிறு ஏரி ஒரே பருவத்தில் தன்னைக் கழுவிக்கொள்ளும். தாஹோவில் ஒரு சொட்டுத் தண்ணீர் சராசரியாக சுமார் 650 ஆண்டுகள் தங்கும், அங்கே வந்து சேர்ந்ததை வெளியே அனுப்ப அவசரமே இல்லை.

நீர்ப்பிடிப்புப் பகுதி எரிந்திருந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஒவ்வொரு கனமழையும் ஒரு சோதனை. பனி பெய்யும் இடமானால் வசந்தத்தில் பனி உருகும் வாரங்களும் அப்படித்தான். அந்த நாட்களில் நடு ஏரிக்குப் போகாமல் ஓடை வந்து கலக்கும் இடத்தில் மாதிரி எடுங்கள். கலங்கலும் ஆக்சிஜனும் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆக்சிஜனை விடியற்காலையில் அளப்பது நல்லது. பாசிகளும் பாக்டீரியாக்களும் இரவெல்லாம் மூச்சு வாங்கித் தீர்த்துவிட்டு, அளவு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அது.